பின்தொடைத் தசை கிழிந்தால்: திடலை விட்டு வெளியேறும் நிமிடம் முதல் முழுவேக ஓட்டம் வரை

ஐரோப்பாவின் முன்னணிக் காற்பந்துக் குழுக்களில் யாருக்கு என்ன காயம் என்பதை ஐரோப்பியக் காற்பந்துச் சங்கமான யூஃபா 2001 முதல் பருவந்தோறும் கணக்கெடுத்து வருகிறது. 2001/02இல் மொத்தக் காயங்களில் 12 விழுக்காடாக இருந்த பின்தொடைத் தசைக் காயம் 2021/22இல் 24 விழுக்காடு ஆகிவிட்டது. அவற்றில் 18 விழுக்காடு மறுகாயங்கள். அந்த மறுகாயங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், ஆட்டக்காரர் திடலுக்குத் திரும்பிய இரண்டே மாதத்திற்குள் வந்தவை.

மருத்துவர், பிசியோ, ஸ்கேன் எல்லாம் கூப்பிடு தூரத்தில் உள்ளவர்களுக்கே இந்த நிலை. வேலை முடிந்து இரவு எட்டு மணிக்குச் சிங்கப்பூரின் ஈசூனிலோ ஜூரோங்கிலோ ஆட வருபவருக்கு மறுகாயம் வரக் காரணம் இன்னும் எளிது: வலி சீக்கிரம் போய்விடுகிறது, தசை மெல்லத்தான் தேறுகிறது. இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் இடைவெளி உண்டு. மறுபடி கிழிவது பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். அந்த வாரங்களில் என்ன செய்வது, எதைக் கொண்டு முடிவெடுப்பது என்பதுதான் இங்கே பேச்சு.

பிடிப்பா, கிழிவா?

திடலில் முதல் தவறு இங்கேதான் நடக்கிறது. ஒருவர் தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், உடனே ஒரு நண்பர் ஓடிவந்து அவர் காலைத் தூக்கி நெட்டி இழுக்கிறார். தசைப்பிடிப்பு என்றால் அது சரி. கிழிவு என்றால் அந்த இழுப்பே கிழிவைப் பெரிதாக்கும்.

பிடிப்பு பெரும்பாலும் ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், களைப்போடு, கொஞ்சம் கொஞ்சமாக வரும். தசை கட்டியாகத் திரண்டிருப்பது கைக்குத் தெரியும். மெல்ல நீட்டினால் தளரும், சில நிமிடங்களில் இயல்பாக நடக்கலாம். கிழிவு நொடியில் வரும். வேகமாக ஓடும்போது யாரோ பின்னாலிருந்து கல்லெறிந்தது போல ஒரே இடத்தில் சுருக்கென்று இருக்கும். அடுத்த இரண்டு மூன்று எட்டில் ஓட்டம் தானாக நின்றுவிடும். விரலால் தொட்டு இங்கேதான் என்று காட்ட முடிந்தால், அதைக் கிழிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் நீட்ட வேண்டாம், அன்று மறுபடி இறங்கவும் வேண்டாம்.

எப்படி வந்தது என்பதையும் நினைவில் வையுங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுதான். இரண்டு வகை உண்டு. முதலாவது ஓட்டத்தில் வருவது. முன்னே வீசிய கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், முழங்காலுக்குக் கீழுள்ள பகுதி முன்னே பறப்பதைப் பின்தொடைத் தசைதான் பிடித்து நிறுத்துகிறது. நீண்டுகொண்டே போகும் நிலையில் முழு விசையோடு இழுக்க வேண்டிய வேலை அது. அந்தக் கணத்தில், பெரும்பாலும் வெளிப்பக்கத்தில் உள்ள பைசெப்ஸ் ஃபெமோரிஸ் என்ற தசையின் நீண்ட தலை கிழிகிறது. இரண்டாவது, நீட்சியில் வருவது: எட்டாத பந்துக்குக் காலை நீட்டுவது, உயரே உதைப்பது, மழை பெய்த செயற்கைப் புல்லில் வழுக்கிக் கால் அகன்று போவது. இதில் வலி உட்காரும் எலும்புக்கு அருகே இருக்கும். முதல் நாள் அவ்வளவாக வலிக்காததால் பலர் இதைச் சிறிதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆறுவதற்கு அதிக காலம் பிடிப்பது இதுதான்.

முதல் 48 மணி நேரம்

மீள்பட்டையை முழங்காலுக்குச் சற்று மேலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் சுற்றுங்கள். கீழே சற்று இறுக்கமாகவும் மேலே போகப் போகத் தளர்வாகவும் இருக்கட்டும். கால்விரல் மரத்தாலோ நிறம் மாறினாலோ அவிழ்த்துக் கட்டுங்கள். தூங்கும்போது கழற்றிவிடலாம். பனிக்கட்டியைத் துணியில் சுற்றி 10 முதல் 15 நிமிடம், நாளுக்கு நான்கைந்து முறை வைக்கலாம். அது வலியைக் குறைக்கும், அவ்வளவுதான். தசையைச் சீக்கிரம் ஒட்டவைக்காது. நொண்டி நடந்தால் ஊன்றுகோல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் சாய்ந்து நடந்தே இடுப்பையும் மற்றக் காலையும் கெடுத்துக்கொள்வதைவிட அது மேல்.

தைலம் பூசி அழுத்தித் தேய்ப்பது, சூடு ஒத்தடம், உருவிவிடுவது, மது ஆகிய நான்கும் முதல் சில நாள்களுக்கு வேண்டாம். உள்ளே ரத்தக் கசிவு நின்றிருக்காது. கோடரித் தைலத்தை மேலாகப் பூசிக்கொள்வதால் கெடுதல் இல்லை. தோல் குளிரும், மனம் ஆறும். தேய்க்கும் கைதான் சிக்கல். மலாய் முறையில் உருவிவிடும் நல்ல கைக்காரர்கள் இங்கே நிறைய இருக்கிறார்கள், அவர்களிடம் போவதென்றால் முதல் வாரம் கழியட்டும்.

வலி மிகுந்தால் பனடோல் (பாராசிட்டமால்) போதும். ஐபுபுரோஃபன், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகளை முதல் இரண்டு நாள் தவிர்ப்பது பல விளையாட்டு மருத்துவர்களின் வழக்கம். எந்த நிலையிலும், ஆட்டத்துக்கு முன் வலிநிவாரணி போட்டுக்கொண்டு இறங்கக் கூடாது. எங்கே நிறுத்த வேண்டும் என்று சொல்ல உங்களிடம் இருப்பது அந்த வலி ஒன்றுதான்.

யார் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும்

டப்பென்று சத்தம் கேட்டது போல இருந்தது, ஓரிரு நாளில் தொடை முழுக்கக் கருநீலம் பரவியது, தொட்டால் தசையில் பள்ளம் தெரிகிறது, உட்காரும் எலும்பில் கடும் வலி, குப்புறப் படுத்து முழங்காலை மடக்கவே முடியவில்லை: இவற்றில் எது இருந்தாலும் தாமதிக்காதீர்கள். தசைநாண் எலும்பிலிருந்து முழுதாகப் பிய்ந்திருக்கலாம். அதற்கு அறுவை சிகிச்சை தேவையா என்பதை முதல் இரண்டு மூன்று வாரத்திற்குள் முடிவெடுப்பது நல்லது. பதின்ம வயதினருக்கு இன்னொரு எச்சரிக்கை: அந்த வயதில் தசை தாங்கி, எலும்பின் வளரும் முனை பிய்ந்து வருவதுண்டு. பள்ளிக் குழுவில் ஆடும் பிள்ளைக்கு உட்காரும் எலும்பில் வலி என்றால் எக்ஸ்ரே எடுக்காமல் பயிற்சி தொடங்க வேண்டாம்.

வலி தொடையின் பின்னால் இருந்தாலும், ஓடியபோது சுருக்கென்று வராமல் உட்கார்ந்திருந்தபோது தொடங்கி, காலில் மரமரப்போடு கீழே இறங்கினால், அது தசையாக இல்லாமல் முதுகிலிருந்து வரும் நரம்பு வலியாக இருக்கலாம்.

பாலிகிளினிக் எனும் அரசு மருந்தகம் வழியாகப் போனால் அரசு மருத்துவமனையின் சிறப்பு மருத்துவரை உதவித்தொகையுடன் பார்க்கலாம், ஆனால் காத்திருக்க வேண்டியிருக்கும். சாங்கி பொது மருத்துவமனையில் விளையாட்டு மருத்துவத்துக்கென்றே ஒரு மையம் இருக்கிறது. தனியார் பிசியோவிடம் பரிந்துரைக் கடிதம் இல்லாமலே நேரடியாகப் போகலாம். தேசிய சேவையில் இருப்பவர்களும் சேவை முடித்தபின் ரிசர்விஸ்ட் பயிற்சிக்கு அழைப்பு வந்தவர்களும் எம்.சி. எனும் மருத்துவ விடுப்புச் சான்றோடு நிறுத்தாமல், ஓட்டத்திலிருந்து எத்தனை வாரம் விலக்கு என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நாள் எம்.சி. முடிந்த மூன்றாம் நாள் 2.4 கிலோமீட்டர் ஓடச் சொன்னால், காட்டுவதற்குக் கையில் ஒரு தாள் வேண்டும்.

எம்.ஆர்.ஐ. எல்லாருக்கும் தேவையில்லை. நடக்க முடிகிற, மேலே சொன்ன அறிகுறி எதுவும் இல்லாத கிழிவுக்கு, மருத்துவர் கையால் பார்த்துச் சொல்வதைவிட ஸ்கேன் அதிகம் சொல்லிவிடாது. எத்தனை நாளில் ஆடலாம் என்று அது துல்லியமாகக் காட்டும் என்பது பெரிய நம்பிக்கை, சிறிய உண்மை. ஒன்றை மட்டும் அது நன்றாகக் காட்டும்: தசைக்குள் ஓடும் நாண் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்பதை. அப்படி இருந்தால் வாரங்கள் கூடும். தேறி ஆடத் தொடங்கிய பெரும்பாலோரின் ஸ்கேனிலும் காயத்தின் சுவடு தெரியத்தான் செய்யும். ஆகவே ஸ்கேன் சுத்தமாகும் வரை காத்திருக்கவும் வேண்டாம்.

எவ்வளவு காலம் ஆகும்? ஐரோப்பியத் தொழில்முறை ஆட்டக்காரர்களை எம்.ஆர்.ஐ. தரப்படி பிரித்துப் பார்த்ததில், ஸ்கேனில் எதுவும் தெரியாதவர்கள் சராசரியாக 8 நாளிலும், வீக்கம் மட்டும் தெரிந்தவர்கள் 17 நாளிலும், பகுதிக் கிழிவு உள்ளவர்கள் 22 நாளிலும், முழுக் கிழிவு உள்ளவர்கள் 73 நாளிலும் திரும்பினார்கள். இவை நாள் முழுதும் சிகிச்சையே வேலையாக இருப்பவர்களின் எண்கள். அலுவலக நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்காருபவர் கூடுதலாக ஒன்றிரண்டு வாரம் போட்டுக்கொள்வது நியாயம். ஸ்கேன் இல்லாமல் கணிக்க ஒரு எளிய வழியும் உண்டு: வலியில்லாமல் நடக்க ஒரு நாளுக்கு மேல் ஆனால், திரும்ப மூன்று வாரத்திற்கு மேல் ஆகும் வாய்ப்பு அதிகம்.

முதல் படி: நடை, பிடித்து நிறுத்தும் பயிற்சி

முழு ஓய்வு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து சிறு நடை, சுமை குறைத்த நிலைச்சைக்கிள் 10 நிமிடம். கூடவே இது: மல்லாந்து படுத்து, காயப்பட்ட காலின் முழங்காலைப் பாதி மடித்து, குதிகாலைத் தரையில் அழுத்துங்கள். கால் நகரக் கூடாது. 10 நொடி அழுத்தி விடுங்கள்; 5 தடவை, நாளுக்கு 2 வேளை. பிறகு முழங்காலை இன்னும் நீட்டி வைத்து அதையே செய்யுங்கள். நீட்ட நீட்டக் கடினமாகும்.

வலியே இருக்கக் கூடாது என்ற பழைய விதியைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 10க்கு 4 வரையிலான வலியோடு பயிற்சி செய்தவர்கள் வலியே இல்லாமல் செய்தவர்களைவிடத் தாமதமாகத் திரும்பவில்லை. தசை பலமும் அவர்களுக்கு நன்றாகவே மீண்டது. எல்லை இரண்டு: செய்யும்போது 4ஐத் தாண்டக் கூடாது, மறுநாள் காலை முந்தைய நாளைவிட மோசமாக இருக்கக் கூடாது. மோசமாக இருந்தால் ஒரு படி கீழே இறங்கி இரண்டு நாள் அங்கேயே இருங்கள்.

இரண்டாம் படி: நீளத்தில் பலம்

நொண்டாமல் நடக்க வந்ததும் இது தொடங்கும். இந்தக் கட்டத்தின் முழுக் கருத்தும் ஒன்றுதான்: நீண்ட நிலையில் கிழிந்த தசையை நீண்ட நிலையிலேயே பலப்படுத்த வேண்டும். ஜிம் இயந்திரத்தில் குப்புறப் படுத்து முழங்காலை மடக்கி மடக்கிப் பலம் சேர்ப்பவர், குறுகிய நிலையில் மட்டும் பலம் சேர்க்கிறார். ஓட்டத்தில் அடிபடுவது அங்கே இல்லை.

சுவீடனில் 75 தொழில்முறை ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்தார்கள். நீட்சியில் பலம் சேர்க்கும் மூன்று பயிற்சிகளைச் செய்தவர்கள் சராசரியாக 28 நாளில் திரும்பினார்கள். வழக்கமான பயிற்சிகளைச் செய்தவர்களுக்கு 51 நாள் ஆனது. அந்த மூன்றும் வீட்டிலேயே செய்யக் கூடியவை.

முதலாவது, மல்லாந்து படுத்து, காயப்பட்ட காலின் தொடையை இரு கைகளாலும் பிடித்து, இடுப்பு 90 டிகிரியில் மடிந்து நிற்கும்படி வையுங்கள். அங்கிருந்து முழங்காலை மெல்ல நீட்டி, வலி தொடங்கும் இடத்துக்குச் சற்று முன் நிறுத்தி மடக்குங்கள். 12 தடவை வீதம் 3 சுற்று, நாளுக்கு இரு வேளை. எளிதாக இருக்கிறதே என்று குறைத்துவிடாதீர்கள், மூன்றில் இதைத்தான் தினமும் செய்கிறோம்.

இரண்டாவது, காயப்பட்ட காலில் மட்டும் நின்று, முழங்காலை 10 முதல் 20 டிகிரி மடித்து, இரு கைகளையும் முன்னே நீட்டி, இடுப்பிலிருந்து முன்னால் சாயுங்கள். மற்றக் கால் பின்னே உயரட்டும், அதன் முழங்கால் மடிந்திருக்கட்டும். மிக மெதுவாக. 6 தடவை வீதம் 3 சுற்று, ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதுகு வளைந்தால் பயன் போய்விடும். சாய்வு இடுப்பிலிருந்துதான் வர வேண்டும். அந்த நிற்கும் காலின் இடுப்பு வெளிப்பக்கம் துருத்தினாலும் நிறுத்தி, ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு செய்யுங்கள்.

மூன்றாவது நம் ஊர் வீவக அடுக்குமாடி வீட்டுக்கே வடிவமைத்தது போன்றது. தரை ஓடு வழவழப்பாக இருக்கும் இடத்தில், ஒரு கையால் சாப்பாட்டு மேசையைப் பிடித்து நில்லுங்கள். காயப்பட்ட கால் முன்னே, எடை முழுதும் அதன் குதிகாலில், முழங்கால் சற்றே மடிந்து இருக்கட்டும். மற்றக் காலில் மட்டும் காலுறை போட்டு, அதைப் பின்னோக்கி மெல்லச் சறுக்க விடுங்கள். வலி தொடங்கும் முன் நிறுத்துங்கள். திரும்பி எழும்போது மேசையைப் பிடித்த கையின் பலத்தில் எழ வேண்டும், காயப்பட்ட காலால் இழுக்கக் கூடாது. 4 தடவை வீதம் 3 சுற்று, மூன்று நாளுக்கு ஒரு முறை. சறுக்கும் தூரத்தை ஒவ்வொரு முறையும் தரை ஓட்டுக் கட்டங்களை வைத்துக் குறித்துக்கொள்ளலாம். சிலருக்கு இந்தப் பயிற்சி மறுநாள் நல்ல வலி தரும்; அதனால்தான் மூன்று நாள் இடைவெளி.

இவற்றோடு இடுப்பைத் தூக்கும் பாலப் பயிற்சியை இரு காலில் தொடங்கி, 10 தடவை வீதம் 3 சுற்று எளிதானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள்.

மூன்றாம் படி: ஓட்டம்

பலர் கோட்டை விடுவது இங்கே. வலியில்லாமல் மெல்லோட்டம் வந்தவுடன் குணமாகிவிட்டது என்று நினைக்கிறார்கள். மெல்லோட்டத்தில் பின்தொடைத் தசைக்கு வேலையே குறைவு. முழு வேகத்தின் 80 விழுக்காட்டிலிருந்து 100க்குப் போகும்போதுதான் அதன் சுமை செங்குத்தாக ஏறுகிறது. 2.4 கிலோமீட்டரை ஒரே சீராக ஓடி முடிப்பவருக்கும் 30 மீட்டர் பாய்ந்து பந்தைத் துரத்த முடியாமல் போகலாம்.

காற்பந்துத் திடலின் பக்கக் கோடு ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். அதில் 60 மீட்டரை மூன்றாகப் பிரியுங்கள்: 20 மீட்டரில் வேகம் ஏற்றுங்கள், 20 மீட்டர் அதே வேகத்தைப் பிடித்து வையுங்கள், 20 மீட்டரில் மெல்லக் குறையுங்கள். திடீரென்று நிற்பது முதல் வாரங்களில் வேண்டாம். 10 நிமிட மெல்லோட்டத்துக்குப் பிறகு இப்படி 6 முதல் 8 ஓட்டம். ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் முறை 50 விழுக்காடு வேகம், அடுத்து 60, 70, 80. அதற்கு மேல் சிறு படிகள்: 85, 90, 95, 100. ஒவ்வொரு படியிலும் கேட்க வேண்டியது ஒன்றே: மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழும்போது பின்தொடை நேற்றைப் போலவே இருக்கிறதா? இருந்தால் ஏறுங்கள். இறுகியிருந்தால் அதே படியை மீண்டும் செய்யுங்கள்.

விழுக்காட்டை உணர்வால் கணிப்பதில் எல்லாருமே தவறுகிறோம். 80 என்று நினைத்து 90இல் ஓடுவது இயல்பு. நடுவிலுள்ள 20 மீட்டருக்கு நண்பரைக் கைத்தொலைபேசியில் காணொளி எடுக்கச் சொல்லி நேரத்தைப் பாருங்கள். நல்ல நாளில் அந்த 20 மீட்டரை 2.5 நொடியில் கடப்பவருக்கு, 80 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 3.1 நொடி.

80ஐத் தாண்டிய பிறகு பந்தைச் சேருங்கள். முதலில் 10 மீட்டர் தரைப் பந்து, பிறகு 30 மீட்டர் நீளப் பந்து, கடைசியில் முழு விசை உதை. திசை மாற்றம், திடீர் நிறுத்தம், பின்னோக்கி ஓடித் திரும்பிப் பாய்வது எல்லாம் இந்த வாரத்தில்.

வேலி அடைத்த சிறு திடலில் கேஜ் காற்பந்து மட்டும் ஆடுபவர் எனக்கு 60 மீட்டர் ஓட்டம் எதற்கு என்று கேட்கலாம். ஐந்துக்கு ஐந்து ஆட்டத்தில் உச்ச வேகம் வராது என்பது உண்மை. ஆனால் நின்ற இடத்திலிருந்து பாய்வதும், எட்டாத பந்துக்குக் காலை நீட்டுவதும் அங்கேதான் அதிகம். 90 வரை ஏறினாலும் போதும் என்று அவருக்கு விட்டுக்கொடுக்கலாம். பதிலாக 5 மீட்டர் பாய்ச்சலும் நிறுத்தமும் 20 தடவை சேர்த்துக்கொள்ளட்டும்.

ஆடலாமா? நான்கு சோதனை

தேதியைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அட்லெட்டிக்கோ மட்ரிட்டின் டியேகோ கோஸ்டா 2014 மே 17இல் பார்சலோனாவுக்கு எதிரான ஆட்டத்தில் பின்தொடைக் காயத்தோடு வெளியேறினார். ஒரே வாரத்தில், மே 24இல், லிஸ்பனில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் இறங்கி 9ஆம் நிமிடத்தில் வெளியே வந்தார். அவரோடு குழுவின் ஒரு மாற்று வாய்ப்பும் வீணானது. கூடுதல் நேரத்துக்குப் போன ஆட்டத்தை அக்குழு 1-4 என்று தோற்றது. ஐரோப்பாவின் பெரிய மேடையிலேயே நாட்காட்டி ஜெயித்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை லீக் எம்மாத்திரம்.

முதலில் விரலால் அழுத்திப் பாருங்கள்: காயப்பட்ட இடத்தில் மற்றக் காலைவிட வலி அதிகமாக இருக்கக் கூடாது. இரண்டாவது, மல்லாந்து படுத்து ஒரு குதிகாலை 60 சென்டிமீட்டர் உயரமுள்ள உறுதியான பெட்டியில் வைத்து, முழங்காலைச் சற்றே மடித்து, ஒற்றைக் காலில் இடுப்பைத் தூக்கி இறக்குங்கள். உயர்மட்ட ஆட்டக்காரர்களிடம் 20க்குக் கீழே என்றால் பலவீனம், 25 நடுத்தரம், 30க்கு மேல் நன்று. நமக்கு இரு காலும் 20ஐத் தாண்டட்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இரண்டு மூன்றுக்குள் இருக்கட்டும்.

மூன்றாவது சோதனை மனத்தையும் சேர்த்துப் பார்க்கும். மற்றவை எல்லாம் சரியான பிறகே இதைச் செய்ய வேண்டும், அதற்கு முன் செய்தால் அதுவே காயமாகும். மல்லாந்து படுத்து, முழங்கால் மடங்காமல், மற்றக் காலைத் தரையோடு ஒருவர் பிடித்துக்கொள்ள, காயப்பட்ட காலை இயன்ற அளவு வேகமாக, இயன்ற உயரத்துக்கு வீசுங்கள். மூன்று தடவை. முழங்கால் பட்டை போட்டுக்கொண்டால் நல்லது. வலி வந்தால் மட்டுமல்ல, “வீசலாமா?” என்று ஒரு தயக்கம் எழுந்தாலும் தேறவில்லை என்றே பொருள். சில நாள் கழித்து மீண்டும் பாருங்கள்.

நான்காவது, 100 விழுக்காடு வேக ஓட்டம் இரண்டு வெவ்வேறு நாள்களில் முடிந்து, இரண்டு மறுநாள் காலையிலும் இறுக்கம் இல்லாமல் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு குழுவோடு முழுப் பயிற்சி இரண்டு மூன்று. பிறகுதான் ஆட்டம்.

முதல் ஆட்டத்தில் 20 முதல் 30 நிமிடம், அடுத்ததில் ஒரு பாதி. மாற்று ஆட்டக்காரராக இறங்குவதென்றால் பெஞ்சில் 70 நிமிடம் உட்கார்ந்துவிட்டு அப்படியே ஓடாதீர்கள். இறங்குவதற்கு முன் கோட்டோரத்தில் வேகம் ஏற்றிய நான்கு ஓட்டமாவது இருக்கட்டும். இரு பாதிகளின் கடைசிக் கால்மணி நேரம்தான் இந்தத் தசைக்கு ஆபத்தான நேரம் என்பதைப் பயிற்றுவிப்பாளரும் நினைவில் வைக்க வேண்டும்.

மறுபடி வராமல் இருக்க

ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் என்றால் அது நோர்டிக். முழங்காலில் நின்று, நண்பர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்து, முன்னோக்கி எவ்வளவு மெதுவாக முடியுமோ அவ்வளவு மெதுவாகச் சாயுங்கள். தாங்க முடியாத இடத்தில் கைகளால் தரையைப் பிடித்து, கையாலேயே தள்ளி எழுங்கள். இதைச் செய்யும் குழுக்களில் பின்தொடைக் காயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. டென்மார்க்கில் பரிசோதித்த அட்டவணை இது:

முதல் வாரம்: ஒரு நாள் மட்டும், 5 தடவை வீதம் 2 சுற்று.
இரண்டாம் வாரம்: 2 நாள், 6 வீதம் 2 சுற்று.
மூன்றாம் வாரம்: 3 நாள், 6 முதல் 8 வீதம் 3 சுற்று.
நான்காம் வாரம்: 3 நாள், 8 முதல் 10 வீதம் 3 சுற்று.
5 முதல் 10ஆம் வாரம் வரை: 3 நாள், முறையே 12, 10, 8 தடவை.
அதன் பிறகு: வாரம் ஒரு நாள், அதே 12, 10, 8.

இது இவ்வளவு பயன் தந்தும் குழுக்கள் ஏன் செய்வதில்லை? முதல் நாளே 3 சுற்று போட்டு, நான்கு நாள் படியிறங்க முடியாமல் தவித்து, “இது நமக்கு வேண்டாம்” என்று விட்டுவிடுகிறார்கள். முதல் வாரத்தின் 10 தடவை அற்பமாகத் தெரிந்தாலும் அதற்கு மேல் போகாதீர்கள். பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள். ஆட்டத்துக்கு முந்தைய இரண்டு நாளில் வேண்டாம். இடுப்பு முன்னே மடிந்தால் பின்தொடைக்குப் பதிலாகத் தரைக்குத்தான் வணக்கம் போகும், இடுப்பும் தோளும் ஒரே கோட்டில் இருக்கட்டும்.

இரண்டாவது தடுப்பு, வாரத்தில் ஒரு நாளாவது முழு வேகத்தில் ஐந்தாறு ஓட்டம். ஓடாமல் காப்பாற்றி வைத்த தசைதான் ஆட்டத்தில் திடீரென்று கேட்கும்போது கிழிகிறது.

மூன்றாவது, ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் வெதுப்புப் பயிற்சி (வார்ம்-அப்). மணிக்கணக்கில் காசு கட்டி எடுக்கும் கேஜில் முதல் 15 நிமிடத்தை அதற்கு விட யாருக்கும் மனம் வராது. அதனால் வேலிக்கு வெளியே செய்யுங்கள். ஃபிஃபாவின் 11+ திட்டம் 20 நிமிடம்: 8 நிமிடம் ஓட்டம், 10 நிமிடம் பலமும் சமநிலையும், 2 நிமிடம் வேக ஓட்டம். நோர்டிக்கும் அதற்குள்ளேயே இருக்கிறது. கார் நிறுத்துமிடத்திலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ முதல் பகுதியை முடித்துவிட்டு வரலாம். மின்னல் எச்சரிக்கை ஒலித்து அரைமணி நேரம் கூரைக்குக் கீழே நின்றால், வெதுப்பும் போய்விட்டது என்று எண்ணி, 5 நிமிடமாவது மறுபடி செய்து இறங்குங்கள். நோன்பு மாதத்தில் தராவீஹ் இரவுத் தொழுகை முடிந்து நள்ளிரவை ஒட்டி ஆடுபவர்கள், தூக்கம் குறைந்த அந்த வாரங்களில் வேக ஓட்டங்களைப் பாதியாக்கிக்கொள்ளலாம்.

பகலில் ஆடுவதென்றால் மைஎன்வி செயலியில் வெப்ப நிலையைப் பாருங்கள்: வெப்பம், ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த ஈரக்குமிழ் அளவு (WBGT) 31 டிகிரியைத் தொட்டால் மிதமான அபாயம், 33ஐத் தொட்டால் உயர் அபாயம். வெயிலே தசையைக் கிழிப்பதில்லை. களைப்பு சீக்கிரம் வருகிறது, களைத்த கால் கிழிகிறது.

ஒரே தொடை மூன்றாம் முறை கிழிந்தால் இந்த அட்டவணையைத் திரும்பவும் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். விளையாட்டு மருத்துவரிடம் போய் நான்கைப் பார்க்கச் சொல்லுங்கள்: தசைக்குள் ஓடும் நாண், கீழ் முதுகு, இடுப்பு மூட்டின் அசைவு, முன்பு அதே காலில் முழங்கால் அறுவை சிகிச்சை நடந்ததா என்பது. தசைநார் ஒட்டுக்காகப் பின்தொடையின் நாணையே எடுத்திருந்தால், அந்தக் காலின் பலக்கணக்கே வேறு. முந்தைய கிழிவுகளின் தேதி, எந்த வேகத்தில் வந்தது, எத்தனை வாரத்தில் திரும்பினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோனால், முதல் சந்திப்பிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.